வீட்டில் ஓடுகிற புரோகிராம் லேபில் ஏன் ஓடவில்லை?

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள். சி மொழி படிக்கும் மகனோ மகளோ காலேஜ் லேபில் ஒழுங்காக ஓடிய ஒரு புரோகிராமை ஒரு எழுத்து மாறாமல் வீட்டில் டைப் செய்கிறார். ரன் செய்தால் வரிசையாக எர்ரர் மெசேஜ்! அதே புரோகிராம், அதே மொழி. பிறகு என்ன? "கம்ப்யூட்டர்தான் சரியில்லை" என்று முடிவு கட்டி, சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு விடுகிறோம்.

தயவுசெய்து கூப்பிட வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு எங்கே என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

தி.நகர் வெங்கட்நாராயணா ரோடு பக்கம் எங்கள் அபார்ட்மென்ட். கீழ்வீட்டு அங்கிள் பாங்கில் இருந்து ரிடையர் ஆனவர். பேத்தி எஞ்சினியரிங் முதல் வருடம் சேர்ந்ததும் லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். ஒரு நாள் இரவு என்னை மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். "தம்பி, அம்பதாயிரத்துக்கு மேலே கொடுத்து வாங்கினது. ஸ்கிரீனைத் துடைக்கிற ஒரு கட்டளைகூட அதுக்குத் தெரியலையாம்! கடைக்காரன் ஃபார்மேட் பண்ணணும், 1,200 ரூபாய் ஆகும்கிறான். நாளைக்குக் காலையிலே இவளுக்கு லேப் இன்டெர்னல்." அந்தக் கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்குத் தெரிந்த மருந்து ஃபார்மேட் ஒன்றுதான். ஆனால் ஃபார்மேட் செய்து விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் அந்தப் புரோகிராம் ஓடியிருக்காது. பேத்தியின் புரோகிராமில் இருந்து 2 வரிகளை எடுத்தோம், ஒரு வரியை மாற்றினோம். ஓடியது. எடுத்த வரிகள் எவை என்று பின்னால் சொல்கிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளின் பெயர்களை நாம் வாயால் சொல்கிற மாதிரியே இங்கே எழுதுகிறேன். டைப் செய்யும்போது உங்கள் சி புத்தகத்தில் உள்ள ஸ்பெல்லிங்கைப் பார்த்துக்கொள்ளவும்.

மொழி வேறு, லைப்ரரி வேறு

சி மொழியில் திரையில் ஒரு எழுத்தைக் காட்டுவதற்குக்கூட மொழிக்குள் கட்டளை கிடையாது. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். 'பிரிண்ட்-எஃப்' என்பது மொழியின் பாகம் அல்ல. அது ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட ஒரு ஃபங்ஷன். இப்படிப்பட்ட ஃபங்ஷன்களின் தொகுப்புக்குத்தான் ஸ்டாண்டர்டு லைப்ரரி என்று பெயர். கீபோர்டில் இருந்து வாங்குவது, ஃபைலில் எழுதுவது, வர்க்கமூலம் கண்டுபிடிப்பது, வரிசைப்படுத்துவது எல்லாம் அதில் இருந்து வருபவை. புரோகிராமின் தலையில் எழுதுகிறோமே ஹெடர் ஃபைல், அது இந்த லைப்ரரியில் எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்கிற சீட்டு. (முதல் ஹெடரை 'ஸ்டுடியோ டாட் ஹெச்' என்று படிக்காத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அது ஸ்டுடியோ அல்ல, 'ஸ்டாண்டர்டு ஐ.ஓ.')

டென்னிஸ் ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் சி மொழியை உருவாக்கினார். அது பரவிய வேகத்தில் ஆளுக்கு ஒரு கம்பைலர் எழுத ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் பொதுவான விதிப் புத்தகம் 1989-ல் அமெரிக்காவில் வந்தது. அடுத்த ஆண்டே உலகத் தரமாகவும் ஆனது. இந்த விதிப் புத்தகம் எந்த ஃபங்ஷன் இருக்க வேண்டும், அது என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. எப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் செய்பவர் பொறுப்பில் விட்டுவிடுகிறது. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் எழுதிய லைப்ரரி. லினக்ஸில் பெரும்பாலும் குனு திட்டத்தின் 'ஜிலிப்-சி'. உங்கள் ஆண்ட்ராய்டு ஃபோனில் கூகுளின் 'பயோனிக்'. ஆப்பிள் கம்ப்யூட்டரில் இன்னொன்று. விதிப் புத்தகம் ஒன்று, எழுதியவர்கள் பலர்.

தி.நகரில் கல்யாண மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை, அதை வைத்தே சொல்கிறேன். சமையல் கான்ட்ராக்டரிடம் மெனு கொடுக்கிறீர்கள்: சாம்பார், ரசம், கூட்டு, பாயசம், மோர். பாயசம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பாயசம் என்று எழுதவில்லை. ஒருவர் சேமியா போடுவார், இன்னொருவர் பால் பாயசம் போடுவார். இரண்டு பேருமே மெனுவை மீறவில்லை. மூன்றாவது ஒருவர் மெனுவில் இல்லாத பாதாம் அல்வாவைத் தன் இஷ்டத்துக்கு இலையில் வைக்கிறார். நல்லதுதான். ஆனால் நீங்கள் போன எல்லாக் கல்யாணத்திலும் அவரே சமைத்திருந்தால், கல்யாணச் சாப்பாடு என்றாலே பாதாம் அல்வா உண்டு என்று நினைத்துவிடுவீர்கள்.

நம் ஊரில் சி படித்தவர்களுக்கு நடந்தது இதேதான்.

நம் ஊர் பாதாம் அல்வா: கோனியோ

போர்லாண்டு என்ற அமெரிக்க நிறுவனம் 1987-ல் டர்போ சி என்ற கம்பைலரை டாஸுக்காக வெளியிட்டது. 1990-ல் டர்போ சி++ வந்தது. விலை குறைவு, இடம் கொஞ்சம் போதும், டைப் செய்வதும் ரன் செய்வதும் ஒரே நீல நிறத் திரையில் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் சென்டர்களும் காலேஜ் லேப்களும் அதைப் பிடித்துக்கொண்டன. வருடங்கள் பல போயும் விடவில்லை. நான் படித்த காலேஜ் லேபிலும் அதுதான். பிளஸ் டூ பழைய பாடப்புத்தகத்தில் இருந்த சி++ புரோகிராம்களும் அந்தப் பாணியில் எழுதியவைதான். 2018-ல் பாடத்திட்டம் மாறியபோதுதான் 11-ஆம் வகுப்புப் புத்தகத்துக்கு டெவ் சி++ வந்து சேர்ந்தது.

டர்போ சி தன் பங்குக்கு ஒரு ஹெடர் ஃபைல் கொடுத்தது: 'கோனியோ டாட் ஹெச்'. கன்சோல் ஐ.ஓ. என்பதன் சுருக்கம். திரையைத் துடைக்கும் 'கிளியர் ஸ்கிரீன்', ஒரு கீயை அழுத்தும் வரை காத்திருக்கும் 'கெட்-சி-ஹெச்', கர்சரை நினைத்த இடத்தில் வைக்கும் 'கோ-டு-எக்ஸ்-ஒய்', எழுத்துக்கு வண்ணம் கொடுக்கும் 'டெக்ஸ்ட் கலர்' எல்லாம் அதில் இருந்தன. இவற்றில் ஒன்றுகூட சி மொழியின் விதிப் புத்தகத்தில் கிடையாது. 1989 பதிப்பிலும் இல்லை, பிறகு வந்த எந்தப் பதிப்பிலும் இல்லை.

புரோகிராமின் முதல் வரியில் கிளியர் ஸ்கிரீன், கடைசி வரியில் கெட்-சி-ஹெச். இதை ஒரு சடங்கு மாதிரி நாம் எல்லோரும் எழுதினோம். ஏன் எழுத வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு. காரணம் எளிது. டர்போ சி-யில் புரோகிராம் முடிந்த அடுத்த நொடியே திரை மறுபடி எடிட்டருக்குத் திரும்பிவிடும், விடையைப் பார்க்க முடியாது. அதை நிறுத்தி வைக்கத்தான் கெட்-சி-ஹெச். முந்தைய ரன்னில் வந்த விடை திரையில் அப்படியே இருக்கும், அதைத் துடைக்கத்தான் கிளியர் ஸ்கிரீன். டர்போ சி என்ற ஒரு சாஃப்ட்வேரின் வசதிக்காகச் செய்தது, சி மொழியின் இலக்கணம் என்று நம் நோட்டில் ஏறிவிட்டது.

இப்போது புது லேப்டாப்புக்கு வாருங்கள். கோட் பிளாக்ஸ் போட்டிருந்தால், அதில் விண்டோஸுக்கான ஜி.சி.சி. கம்பைலர் இருக்கும். அதிலும் கோனியோ டாட் ஹெச் என்ற பெயரில் ஒரு ஃபைல் உண்டு. கெட்-சி-ஹெச் உண்டு. ஆனால் கிளியர் ஸ்கிரீன் கிடையாது, கோ-டு-எக்ஸ்-ஒய் கிடையாது! பாதி ஓடும், பாதி ஓடாது. அதனால்தான் குழப்பம் அதிகம். விஷுவல் ஸ்டுடியோவில் கெட்-சி-ஹெச் பெயருக்கு முன்னால் ஒரு அண்டர்ஸ்கோர் போட வேண்டும். லினக்ஸில் அந்த ஹெடர் ஃபைலே கிடையாது. "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும். என்னைக் கேட்டால் லினக்ஸ் செய்வதுதான் நல்லது. பிரச்சினை என்னவென்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

அங்கிளின் பேத்தி புரோகிராமில் எடுத்த 2 வரிகள் கோனியோவும் கிளியர் ஸ்கிரீனும். மாற்றிய ஒரு வரி கெட்-சி-ஹெச். அதற்குப் பதில் 'கெட்-கேர்' போட்டோம். கெட்-கேர் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் உள்ளது, எல்லா இடத்திலும் ஓடும். வித்தியாசம் ஒன்றுதான்: கெட்-சி-ஹெச்-க்கு ஏதாவது ஒரு கீ போதும், கெட்-கேருக்கு என்டர் தட்ட வேண்டும். முன்னால் ஸ்கேன்-எஃப் பயன்படுத்தியிருந்தால், அப்போது தட்டிய என்டர் உள்ளே மிச்சம் இருக்கும். கெட்-கேர் அதை எடுத்துக்கொண்டு நிற்காமல் போய்விடும். அப்போது கெட்-கேரை 2 தடவை எழுதவும்.

"பழைய டர்போ சி-யையே புது லேப்டாப்பில் போட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நேரடியாகப் போட முடியாது. டர்போ சி ஒரு 16-பிட் சாஃப்ட்வேர். 64-பிட் விண்டோஸ் 16-பிட் சாஃப்ட்வேரை ஓட்டாது, விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே வருகிறது. டாஸ்-பாக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு, அதற்குள் டர்போ சி-யை ஓட்டலாம். லேபில் டர்போ சி-தான் என்றால், பரீட்சை வரைக்கும் இதைச் செய்து கொள்வதில் தவறில்லை.

சி++ படிப்பவர்களுக்கும் இதே கதைதான். பழைய புத்தகத்தில் 'ஐ-ஓ-ஸ்ட்ரீம் டாட் ஹெச்' என்று இருக்கும். டர்போ சி++ வந்தது 1990-ல், சி++ மொழியின் உலகத் தரம் வந்தது 1998-ல். தரம் வந்தபோது 'டாட் ஹெச்' போய்விட்டது, 'ஸ்டட்' என்ற பெயர்வெளி வந்தது. ஜி.சி.சி. கொஞ்ச காலம் பழைய பெயரையும் பொறுத்துக்கொண்டது. 2008-ல் வந்த 4.3 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். இன்றைய பிள்ளைகள் கோடிங் போட்டிகளுக்காக 'பிட்ஸ்' என்று தொடங்கும் ஒரே ஒரு ஹெடரைப் போட்டு எல்லாவற்றையும் வரவழைக்கிறார்களே, அதுவும் ஜி.சி.சி. வைத்த பாதாம் அல்வாதான். விஷுவல் ஸ்டுடியோவில் அது கிடையாது.

ஒரே லேப்டாப், இரண்டு லைப்ரரி

இந்த வித்தியாசத்தைப் பார்க்க இரண்டு கம்ப்யூட்டர் தேவையில்லை. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியது நினைவிருக்கும். எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த முதல் லேப்டாப்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் லினக்ஸ் சென்னை சி-டாக் மையத்தில் உருவானது. ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். பலரும் லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்க்காமலே விட்டுவிட்டார்கள். பார்த்திருந்தால், ஒரே புரோகிராமை ஒரே லேப்டாப்பில் இரண்டு லைப்ரரிகளோடு ஓட்டி ஒப்பிட்டிருக்கலாம். இன்றைக்கு விண்டோஸ் 10, 11-ல் 'டபிள்யூ.எஸ்.எல்.' என்ற வசதியால் விண்டோஸுக்கு உள்ளேயே லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். அடுத்து வரும் சோதனைகளுக்கு அது உதவும்.

41-ம் 1804289383-ம்

எர்ரர் வந்தால் பரவாயில்லை. எர்ரரே வராமல் விடை மட்டும் மாறினால்? அதுதான் ஆபத்து.

ஒரு சின்னச் சோதனை. 'ராண்ட்' என்ற ஃபங்ஷன் மனம்போன போக்கில் ஒரு எண் கொடுக்கும். வேறு எதுவும் செய்யாமல், முதல் தடவை ராண்ட் கொடுக்கும் எண்ணை பிரிண்ட்-எஃப் மூலம் திரையில் காட்டுங்கள். விண்டோஸில் 41 வரும். லினக்ஸில் 1804289383 வரும். எத்தனை தடவை ஓட்டினாலும், யார் வீட்டில் ஓட்டினாலும் இதேதான். எண்ணை உருவாக்கும் கணக்கு ஒவ்வொரு லைப்ரரியிலும் வேறு. விதிப் புத்தகம் இந்தக் கணக்குதான் என்று கட்டாயப்படுத்தவில்லை.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. ராண்ட் கொடுக்கக்கூடிய மிகப்பெரிய எண் குறைந்தபட்சம் 32,767 ஆக இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. விண்டோஸ் லைப்ரரி அந்தக் குறைந்தபட்சத்தோடு நின்றுவிடும். டர்போ சி-யிலும் அவ்வளவுதான். லினக்ஸில் 2,147,483,647 வரை போகும்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஆடித் தள்ளுபடிக்கு ஒரு ஜவுளிக்கடை 50,000 பரிசுக் கூப்பன் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராண்ட் கொடுத்த எண்ணை 50,000-ஆல் வகுத்து, மீதியோடு 1 கூட்டி, அந்த எண்ணுள்ள கூப்பனுக்குப் பரிசு. எழுதியவர் லினக்ஸில் சோதித்துப் பார்த்தார், சரியாக இருந்தது. கடையில் இருப்பது விண்டோஸ். அங்கே 32,768-க்கு மேல் எண்ணுள்ள எந்தக் கூப்பனுக்கும் பரிசு விழவே விழாது! 17,232 பேர் வெறும் காகிதத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு காத்திருப்பார்கள். எர்ரர் மெசேஜ் வராது. யாரும் ஏமாற்றவும் இல்லை.

மூன்றாம் பரிசு யாருக்கு?

கூப்பன் கதை கற்பனை. இது நடந்தது. மேற்கு மாம்பலத்தில் ஒரு டியூஷன் சென்டர். அவர்களுடைய ரேங்க் லிஸ்டுக்கு, அங்கே படித்து வெளியேறிய ஒரு மாணவர் லினக்ஸில் சி புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. பிறகு சென்டருக்கு விண்டோஸ் கம்ப்யூட்டர் வந்தது. அதே புரோகிராமை அங்கே கம்பைல் செய்தார்கள். ஒரு எர்ரர்கூட இல்லை.

முதல் இரண்டு இடத்தில் குழப்பமில்லை. மூன்றாவது இடத்துக்கு 3 பேர் ஒரே மார்க். சென்டரின் விதி, மார்க் சமமாக இருந்தால் முதலில் சேர்ந்தவருக்கு, அதாவது ரோல் நம்பர் குறைவாக உள்ளவருக்கு முன்னுரிமை. பழைய கம்ப்யூட்டரில் எப்போதும் அப்படித்தான் வந்தது. புதிய கம்ப்யூட்டரில் 3 பேரில் கடைசியாகச் சேர்ந்த பையன் மேலே வந்துவிட்டான். நோட்டீஸ் போர்டில் ஒட்டியும் விட்டார்கள். மறுநாள் ஒரு மாணவியின் அம்மா வந்து, "சார், உங்க விதிப்படி என் பொண்ணுதானே மூணாவது?" என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. சென்டர் நடத்துபவர் எனக்குத் தெரிந்தவர் என்பதால் புரோகிராம் என்னிடம் வந்தது.

வரிசைப்படுத்த அதில் 'க்யூ-சார்ட்' என்ற ஸ்டாண்டர்டு ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருந்தார்கள். மார்க்கை மட்டும் ஒப்பிட்டார்கள். சமமாக உள்ளவர்களை எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று விதிப் புத்தகம் சொல்லவில்லை. எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். பெயரில் 'குவிக் சார்ட்' வாடை அடித்தாலும், ஜிலிப்-சி பல வருடங்களாக உள்ளே செய்து வந்தது 'மெர்ஜ் சார்ட்' என்ற வேறு முறை. அதில் சமமானவர்கள் முன்பு இருந்த வரிசையிலேயே இருப்பார்கள். லிஸ்ட் ஏற்கெனவே ரோல் நம்பர்படி இருந்ததால் விடை சரியாக வந்தது. மைக்ரோசாஃப்ட் லைப்ரரி வேறு முறையைப் பின்பற்றுகிறது, அதில் அந்த உத்தரவாதம் இல்லை. ஆக, சென்டரின் விதி புரோகிராமில் எழுதப்படவே இல்லை. இரண்டு வருடம் லைப்ரரியின் தயவில் ஓடியிருக்கிறது.

திருத்தம் ஒரே ஒரு வரி: மார்க் சமமாக இருந்தால் ரோல் நம்பரை ஒப்பிடு. அவ்வளவுதான். பரிசு அந்தப் பெண்ணுக்குப் போனது. பையனுக்கும் ஒன்று கொடுத்துவிட்டார் சென்டர்காரர். ஒட்டிய நோட்டீஸைக் கிழித்ததற்கு நஷ்டஈடு என்றார்.

லினக்ஸிலேயே இருந்திருந்தால் பிரச்சினை வந்திருக்காது என்றும் சொல்ல முடியாது. 2023 அக்டோபரில் ஜிலிப்-சி-யை உருவாக்குபவர்கள் இந்த மெர்ஜ் சார்ட்டை எடுத்துவிட்டார்கள். ஏராளமான புரோகிராம்கள் அதை நம்பிக்கொண்டிருப்பது தெரிந்ததும், அடுத்த பதிப்பு வெளியாகும் முன்பே 2024 ஜனவரியில் திரும்பக் கொண்டு வந்தார்கள்.

இதே மாதிரி 2010-ல் ஒரு பெரிய கூத்து நடந்தது. ஃபெடோரா 14 லினக்ஸில் ஃபிளாஷ் பிளேயரில் சத்தம் கரகரத்தது. காரணம், நினைவகத்தில் ஓர் இடத்தில் இருப்பதை இன்னோர் இடத்துக்குக் காப்பி செய்யும் 'மெம்-காப்பி'. வேகத்துக்காகச் சில பிராசசர்களில் பின்னால் இருந்து முன்னால் காப்பி செய்யுமாறு ஜிலிப்-சி-யில் மாற்றியிருந்தார்கள். இரண்டு இடங்களும் ஒன்றோடு ஒன்று மேலே ஏறக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது, ஏறினால் 'மெம்-மூவ்' பயன்படுத்த வேண்டும். ஃபிளாஷ் பிளேயர் அதை மீறியிருந்தது. விதிப்படி பார்த்தால் ஜிலிப்-சி மேல் தப்பில்லை. ஆனால் லினக்ஸை உருவாக்கிய லீனஸ் டோர்வால்ட்ஸே வந்து, பாட்டு கேட்கிறவனுக்கு விதிப் புத்தகத்தைக் காட்டி என்ன பயன் என்ற ரீதியில் வாதாடினார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

தமிழ் என்பதில் எத்தனை எழுத்து?

3 என்பீர்கள். சரிதான். கம்ப்யூட்டரிடம் கேட்டுப் பாருங்கள். 'ஸ்டிரிங் லெங்த்' ஃபங்ஷன் 15 என்கிறது! யுனிகோடில் 'தமிழ்' என்ற சொல் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5 குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 15. அந்த ஃபங்ஷன் எண்ணுவது பைட்டை, எழுத்தை அல்ல.

அகல எழுத்துகளுக்கென்று தனி வகை உண்டு. அதைப் பயன்படுத்தினால் 5 வரும், விண்டோஸிலும் லினக்ஸிலும். அப்பாடா, ஒத்துப்போகிறது என்று நினைக்க வேண்டாம். முந்திரி, காணி போன்ற பழைய தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-ல் யுனிகோடு 12.0-ல் சேர்ந்தன. மற்ற பழைய குறிகளோடு சேர்த்து மொத்தம் 51 குறிகள். தமிழுக்கான பழைய இடத்தில் இவை இல்லை, 65,536-க்கு அப்பால் இருக்கின்றன. விண்டோஸில் அகல எழுத்துக்கு 16 பிட், ஆகவே ஒரு முந்திரிக் குறி 2 என்று எண்ணப்படும். லினக்ஸில் 32 பிட், அங்கே அது 1. 320-இல் ஒரு பங்கைக் குறிக்கிற குறி, ஒரு கம்ப்யூட்டரில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு! பழைய கணக்குச் சுவடிகளை டைப் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்ற சில வித்தியாசங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டர்போ சி-யில் 'இன்ட்' என்ற எண் 32,767 வரைதான் போகும். 250 ரூபாய் புடவை 150 வாங்கினால் 37,500 வர வேண்டும், டர்போ சி -28,036 என்று காட்டும். இன்றைய கம்பைலர்களில் சரியாக வரும். (லைப்ரரி வேறுபாடு அல்ல இது, கம்பைலர் வேறுபாடு. லேபில் மைனஸ் வந்தால் பயப்படாமல் 'லாங்' போடவும்.) கீபோர்டு மிச்சத்தைத் துடைக்க 'எஃப்-ஃப்ளஷ்' போடுவது ஒரு பழைய வழக்கம். விதிப்படி அது வெளியே எழுதுவதற்கான ஃபங்ஷன். மைக்ரோசாஃப்ட் லைப்ரரியில் முன்பு வேலை செய்தது, 2015 பதிப்பில் இருந்து செய்வதில்லை, லினக்ஸிலும் கீபோர்டு மிச்சம் அப்படியே இருக்கும். ஸ்டிரிங்கைத் தலைகீழாக்கும் 'ஸ்டிரிங் ரெவ்', எண்ணை எழுத்தாக்கும் 'ஐ-டு-ஏ' இரண்டும் ஸ்டாண்டர்டில் இல்லை, லினக்ஸில் கிடைக்காது. 'கெட்ஸ்' ஸ்டாண்டர்டில் இருந்தது. எவ்வளவு நீளமாக டைப் செய்தாலும் வாங்கிக்கொண்டு பக்கத்து நினைவகத்தில் கொட்டிவிடும் என்பதால் 2011 பதிப்பில் தூக்கிவிட்டார்கள். 'எஃப்-கெட்ஸ்' பழகிக்கொள்ளவும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் லேபில் என்ன கம்பைலர் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். பெயர் மட்டும் போதாது, பதிப்பு எண்ணும் வேண்டும். முடிந்தால் அதையே வீட்டிலும் போடவும்.

ஜி.சி.சி. பயன்படுத்தினால், கம்பைல் செய்யும் வரியில் மைனஸ் குறி, அதை ஒட்டிப் பெரிய டபிள்யூ, பிறகு சின்ன ஏ, எல், எல் சேர்க்கவும். சந்தேகமான வரிகள் பலவற்றைச் சுட்டிக்காட்டும். மைனஸ் போட்டு 'பெடாண்டிக்' என்றும் சேர்த்தால், விதிப் புத்தகத்துக்கு வெளியே மொழியை எங்கே வளைத்திருக்கிறீர்கள் என்று சொல்லும். கோட் பிளாக்ஸில் செட்டிங்ஸ் மெனுவில் கம்பைலர் பகுதிக்குப் போய் இவற்றை டிக் செய்தால் போதும். ஆனால் ராண்டும் க்யூ-சார்ட்டும் செய்கிற மாதிரியான மௌன வித்தியாசங்களை இது பிடிக்காது. அதற்கு இரண்டு இடத்தில் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கிளியர் ஸ்கிரீன் இல்லாமல் ஆசிரியர் மார்க் போட மாட்டார் என்றால், அதைத் தவிர்க்க வேண்டாம். 'திரையைத் துடை' என்று நீங்களே ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்குள் மட்டும் அந்தக் கட்டளையை வைக்கவும். புரோகிராமில் வேறு எங்கும் அதை நேரடியாகக் கூப்பிடக் கூடாது. லேபில் ஓட்டும்போது உள்ளே கிளியர் ஸ்கிரீன் இருக்கும். வீட்டுக்கு வந்தால் அந்த ஒரு வரியையும், மேலே உள்ள கோனியோ வரியையும் மாற்றினால் போதும். 200 வரி புரோகிராமை முழுக்கத் தேட வேண்டியதில்லை.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. டெர்மினலில் 'மேன்' என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு ஃபங்ஷனின் பெயரைக் கொடுத்தால் அதன் விளக்கம் வரும். கடைசிப் பக்கத்துக்கு நகர்ந்து 'ஸ்டாண்டர்ட்ஸ்' என்ற தலைப்பைப் பார்க்கவும். அங்கே 'சி' என்று தொடங்கும் பதிப்புப் பெயர் இருந்தால் அந்த ஃபங்ஷன் எல்லா இடத்திலும் இருக்கும். 'போசிக்ஸ்' என்று மட்டும் இருந்தால் லினக்ஸ், ஆப்பிள் பக்கம் கிடைக்கும், விண்டோஸில் சந்தேகம். 'குனு' என்று மட்டும் இருந்தால், லேபுக்குக் கிளம்பும் முன் மாற்று வழி ஒன்றை யோசித்து வைத்துக்கொள்ளவும்.